பூதத்துக்கு உன் மாமன் முகம்

என் ராசாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது. உன் கடிதம் வந்தது. பட்டணத்துப் புத்தகக் கம்பெனிக்காரர் இரண்டாவது புத்தகத்துக்கும் அதே பூதத்தைத்தான் கேட்கிறார், திருமங்கலத்து மாமாவோ அந்த மூஞ்சி இன்னொரு தடவை அச்சில் வந்தால் பெண் கிடையாது என்கிறார், பூதத்தின் முகத்தை மாற்றவா வேண்டாமா, நீயே சொல்லம்மா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய் போ. உன் மாமா எனக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். பேச்சி அவர் பெற்ற ஒரே பெண், தொட்டிலில் கிடக்கும்போதே உனக்கென்று பேசி வைத்தவள். நீ என் பிள்ளை. நான் யார் பக்கம் பேசினாலும் மற்ற பக்கம் வலிக்கும். அதனால் உனக்கு உடனே பதில் எழுதாமல் பஸ் ஏறித் திருமங்கலத்துக்கே போனேன். போகும்போது ஒரு குழப்பம் இருந்தது, வரும்போது இரண்டாகிவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தைரியத்தில் எழுதுகிறேன், கோடு கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நீ சின்னதிலிருந்தே தரையில் கிடந்துதான் வரைவாய். மற்ற பிள்ளைகள் கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கிறுக்கும். நீ கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பின்னல் வழியாகத் தெரிகிற உங்கப்பா முதுகைப் பார்த்துவிட்டுப் புரண்டு தரையில் வரைவாய். வண்டிக்கு அடியில் போவாய், மாட்டுக்கு அடியில் போவாய். "மாடு மிதிச்சுச் சாகப் போறடா" என்று நான் கத்தாத நாளில்லை. உன் பசுவுக்கு வயிறும் மடியும்தான் பெரிதாக இருக்கும், தலை எங்கோ எட்டத்தில் இருக்கும். டிராயிங் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, எதையும் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முட்டியில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார். நீயும் பானை, செம்பு, நாற்காலி எல்லாம் அவர் சொன்னபடி போட்டு மார்க்கு வாங்கினாய். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். இது ஏதோ கோளாறு என்று நான் வேப்பிலை அடித்து மந்திரிக்கக்கூடக் கூட்டிப் போனேன். மந்திரித்தவரையும் நீ தரையிலிருந்தே பார்த்து வரைந்துவிட்டாய்.

அப்புறம் வேலை வர ஆரம்பித்தது. காளவாசல் பக்கம் சோடாக் கடை போட்டவர் பாட்டிலுக்கு ஒட்ட லேபிள் கேட்டார், நாடகக் கம்பெனிக்காரர் நோட்டீசுக்கு ராஜா தலை கேட்டார், யார் யாரோ கல்யாணப் பத்திரிகைக்குக் கிளி கேட்டார்கள். யார் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவாய். அது உன் குணம், இன்னும் மாறவில்லை. இப்போது மாமாவிடமும் சரி என்றிருக்கிறாய், கம்பெனிக்காரரிடமும் சரி என்றிருக்கிறாய். உலகச் சண்டை முடிந்து காகிதம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும், பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் படங்களைச் சுருட்டிக்கொண்டு பட்டணம் போனாய். முதலில் ஒருவரும் வாங்கவில்லை. நீ மையைத் தண்ணீரில் கரைத்துப் பூசிய நிழலெல்லாம் அச்சடிக்கிற பிளாக்கில் வராது, கரியாகத்தான் விழும் என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து, வெறும் கோட்டாலேயே நிழல் காட்டப் பழகினாய். எத்தனை நிப்பு உடைந்தது, எத்தனை காகிதத்தை நான் அடுப்பெரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சோற்றைப் பிசைகிற விரலில் மை போகவே போகாது. அந்த ஒரு வருஷம் நீ என்ன ஆகப் போகிறாயோ என்று வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு நடந்தேன்.

மறுபடி போனபோது இப்போதைய கம்பெனிக்காரர் உன் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நீ எனக்கு எழுதியிருந்தாய். மற்றவர்கள் குழந்தைகளுக்காக வரைகிறார்கள், நீ குழந்தை நிற்கிற இடத்திலிருந்து வரைகிறாய், கதவுத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கிறது, பெரியவர்களுக்கு மூக்குத் துவாரம் தெரிகிறது என்றாராம். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதற்கு மந்திரிக்கக் கூட்டிப் போனேனோ, அதற்கு ஒருவர் கூலி கொடுக்கிறார்! அவர் கொடுத்த கதைதான் அந்தப் பூதக் கதை. கண்மாய்க்கரையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை மறித்து மிரட்டும் பூதம். கடைசியில் கண்மாய் உடைத்துக்கொள்ளும்போது அதே பூதம்தான் பிள்ளைகளைத் தோளில் தூக்கி அக்கரை சேர்க்கும்.

புத்தகம் மதுரைக்கு வந்ததும், நோட்டுப் புத்தகக் கடை ராவுத்தர் ஆள் அனுப்பினார். போனேன். "தங்கச்சி, உம்ம மகன் பேரு உள்ளே போட்டுருக்கு பாரும். என் பேரப்புள்ளை இதை வச்சுக்கிட்டுத்தேன் தூங்குது, மாஷா அல்லா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம்தான் திருமங்கலத்துக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போய் உன் கல்யாணத்தை உறுதி செய்வதாக இருந்தது. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பேச்சிக்குச் சேலை எல்லாம் அடுக்கி, அதற்கு மேலே உன் புத்தகத்தையும் வைத்தேன். மாப்பிள்ளை சும்மா ஊர் சுற்றுகிறான் என்று எவராவது சொன்னால், இதோ பார் என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீறாப்பு. உங்கப்பா, "புத்தகத்தைப் போய் யாராச்சும் தட்டுல வைப்பாகளா?" என்றார். அவர் சொன்னதை நான் என்றைக்குக் கேட்டேன், அன்றைக்குக் கேட்பதற்கு.

நீ பட்டணத்தில் இருந்ததால் அந்தக் கூத்தைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மட்டும் நாற்காலியில். தட்டை வாங்கினார், புத்தகத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, மடியில் வைத்து விரித்தார். சொந்தக்காரர் வீட்டு வாண்டு ஒன்று அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது. அது புத்தகத்தை எட்டிப் பார்த்தது, அப்படியே அண்ணாந்து அவர் தாடையைப் பார்த்தது, மறுபடி புத்தகத்தைப் பார்த்தது. "ஏ, இது பெரியப்பா!" என்று கூவிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் காது, அந்த மீசைக்கு அடிப்பக்கம், தாடைக்குக் கீழே மிளகு மாதிரி இருக்கிற அந்த மச்சம் வரைக்கும் அப்படியே போட்டு வைத்திருக்கிறாய். "ஏத்தா, இதைத் தெரிஞ்சுதேன் தட்டுல வச்சியா?" என்று அண்ணன் கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியாது ராசா. அட்டையை எத்தனையோ தடவை பார்த்தேன், பூதம் என்றுதான் பார்த்தேனே தவிர என் அண்ணன் என்று பார்க்கவில்லை. அவருக்கு அங்கே மச்சம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பக்கமிருந்து நான் என்றைக்கு அவரைப் பார்த்தேன்? தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. அப்போதுதான் அந்த நிபந்தனையைப் போட்டார்.

நீயும் மாற்றிப் பார்த்தாய் என்று தெரியும். உங்கப்பா என்னிடம், "பூதத்துக்கு என் மூஞ்சியை வச்சுக்கிடச் சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். அதை உனக்கு எழுதினேன், நீயும் அப்பா முகத்தை வைத்து வரைந்து கொடுத்தாய். இந்தப் பூதம் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுக்கும் போலிருக்கிறது என்று கம்பெனிக்காரர் திருப்பிவிட்டாராம். உங்கப்பாவிடம் அதைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பயப்பட வைக்கத் தெரியாத ஆள் என்று பட்டணத்தில் எழுதிவிட்டார்களே என்று வருத்தமா, சந்தோஷமா, எனக்குப் புரியவில்லை. தை பிறக்குமுன் படங்கள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். முறைப்படி கல்யாணமும் தையில்தான். ஒரு நாள், போனால் போகிறது, வேறு கம்பெனி கிடைக்கும், பேச்சி மாதிரிப் பெண் கிடைக்குமா என்று நினைப்பேன். மறுநாள் உன் மைவிரல் ஞாபகம் வரும். இந்தக் கையை நானே கட்டிப்போட வேண்டுமா என்று தோன்றும்.

இப்படித்தான் திருமங்கலம் போய் இறங்கினேன். அண்ணன் பருத்திக் கடை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். "என்னண்ணே, பல்வலியா?" என்றேன். "பல்லும் இல்ல, வலியும் இல்ல. உன் மகன் குடுத்த சீரு" என்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கே விளங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கடைக்கு முன்னால் வந்து நின்றன. நின்று பார்த்தால் சரியாகத் தெரியாதில்லையா, அதனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, துண்டுக்குள்ளே மச்சம் தெரிகிறதா என்று பார்க்கின்றன. ஊரில் பாதிப் பேருக்குப் பருத்தி எடை போடும் மனுசன், பிள்ளைகள் வரும்போதெல்லாம் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானைக்குள் வைத்து அமுக்கினேன். கண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பால்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

சாயங்காலம் பேசினார். "ஊரு சிரிக்குறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. இதைப் பாரு" என்று புத்தகத்தைப் பிரித்தார். அவர் காட்டிய பிறகுதான் நான் கவனித்தேன். பூதம் குனிந்து பார்க்கிற அந்தப் படத்தில், காதுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. கண்மாய்க்கரையில் மலை ஏது? "இது கீழக்குயில்குடி மலை. இவனுக்குக் காது குத்துன எடம். என் மடியில மல்லாக்க வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன்ல, அப்ப அவனுக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தேன். என் தாடையும் அந்த மலையும்" என்றார். உனக்கு அப்போது நான்கு வயசு. இரண்டு வருஷம் மழையில்லாமல் போய்க் காதுகுத்துத் தள்ளிக்கொண்டே போனது, அதனால்தான் உனக்கு ஞாபகம் இருக்கும் வயசு வந்துவிட்டது. அண்ணன் மேளதாளத்தோடு சீர் கொண்டு வந்து இறக்கினார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் பார்க்க மாட்டாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ அலறியது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "தாய்மாமன் மடியில உக்காந்தவன் என்னையப் பூதம்னு பாத்துருக்கான். நான் இத்தனை வருசமா அந்த நாளை என்னமோ பெருசா நெனைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.  "கதையைப் படிச்சுப் பாத்தீகளாண்ணே? கடைசியில அந்தப் பூதம்தேன் புள்ளைகளைக் காப்பாத்துது" என்றேன். "படம் போட்டவன் சொல்லாததையா கதை எழுதுனவன் சொல்லப் போறான்?" என்று புத்தகத்தை மூடிவிட்டார். அப்போது முடிவு செய்தேன், முகத்தை மாற்றிவிடு என்று உனக்கு எழுதுவதாக.

அந்த முடிவு கொல்லைப்புறம் போகிற வரைக்கும்தான் நின்றது. பேச்சி அங்கே மாட்டுக்கு ஆட்டுரலில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுகிற கையை நிறுத்தாமலே கேட்டாள், "என்னத்தை, அவுக பூதத்து மூஞ்சியை மாத்துறாகளாமா?"

"உனக்காகத்தானே மாத்தப் போறான், ஆத்தா."

"அப்ப எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிருங்க."

 அவள் மாவை வழித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். "இன்னைக்கு எனக்காக மாத்துவாக. நாளைக்கு ஒரு படம் சரியா வரலைன்னாலும் ஒன்னாலதேன்னு என்னையப் பாப்பாக. வாயால சொல்ல மாட்டாக, அவுகதேன் எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்ற ஆளாச்சே. ஆனா பாப்பாகள்ல? அந்தப் பார்வையை என்னால காலம்பூராம் தாங்க முடியாது. எங்கப்பா கோவத்தை எங்கப்பாகிட்டயே பேசித் தீர்க்கச் சொல்லுங்க. அது அவுக ரெண்டு பேரு சோலி." சொல்லிவிட்டு மறுபடி ஆட்டத் தொடங்கிவிட்டாள். உன்னை எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்து பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆக, மாற்றாவிட்டால் அப்பன் தர மாட்டார், மாற்றினால் மகள் வர மாட்டாள். இதற்கு நான் என்ன பதில் எழுத?

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி, சொல்லிக்கொண்டு போகலாம் என்று கடைப் பக்கம் போனேன். அண்ணன் தனியாக இருந்தார். நான் சந்து முனையில் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சின்னப் பெண் குழந்தை ஒன்று, நாலு வயசு இருக்கும், கடைக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அப்புறம் மெள்ளத் துண்டை அவிழ்த்தார். தாடையை நன்றாகத் தூக்கி மச்சத்தைக் காட்டினார். காட்டிவிட்டு, ராசா, என் அண்ணன் உறுமினார். குழந்தை கிறீச்சென்று கத்தியது, ஓடவில்லை. எழுந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தது. அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குழந்தையை இறக்கிவிடாமலே, "தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "ஆசாரி குத்தி முடிச்ச பெறகு அவன் அழுகையை நிப்பாட்டிட்டான். நான் கையை விட்டுட்டேன். அப்பயும் எந்திரிச்சு ஓடல. என் மடியிலயே கெடந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தான். நீ பாத்தியா? பயந்துக்கிட்டா பாத்தான்?"

 ஊசியைப் பார்க்கப் பயந்து வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றவள் நான், எனக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன், அவர் இன்னும் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு நான் முகத்தை மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. என்னிடம் நீ கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. அவர் கையை விட்ட பிறகும் நீ எழுந்து ஓடாமல் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்? பயம்தான் என்றால் பயம் என்றே சொல், அவர் தாங்கிக்கொள்வார். வேறு ஏதாவது என்றால் அதையும் சொல். எனக்கு எழுதாதே, தபாலிலும் போடாதே. ரயில் ஏறி வா, வந்து அவர் எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல்.

அம்மா